எழுபத்தைந்து மடங்கும் பதினோரு மடங்கும்

ஆசியாவுக்கு நாற்பத்தாறு வயதில்தான், இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி கையில் பணம் வந்தது. சேலம் கோட்டையில் அவளுடைய அத்தா கட்டிய வீட்டை, அவர் காலமான மறு வருடம் விற்றார்கள். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அண்ணன் சாதிக் பாஷாவுக்கு இரண்டு பங்கு, ஆசியாவுக்கு ஒன்று, தங்கை அஃப்சானாவுக்கு ஒன்று என்று மார்க்கம் சொன்னபடி பிரித்துக்கொண்டார்கள். மனத்தாங்கல் எதுவும் வரவில்லை. சகோதரிகளுக்கு ஆளுக்கு ஒன்பது லட்சம் கிடைத்தது.

ஆசியா டி.பார்ம். படித்தவள். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த பிறகு, கணவர் சையத் இப்ராஹிமின் கடையில் பாதியை மெடிக்கலாக மாற்றினாள். மீதிப் பாதியில் அவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு மிளகும் காப்பித்தூளும் யூகலிப்டஸ் தைலமும் விற்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கடை இருந்ததால், நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால்தான் அவளுடைய பகல்கள் கழிந்தன. சீட்டில் டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டால் அவருக்கே போன் போட்டுக் கேட்பாள். ஊகித்து மாத்திரை கொடுக்கும் பழக்கம் அவளிடம் இல்லை.

வீடு விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் போட அவளுக்கு மனமில்லை. வட்டி வாங்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. இப்ராஹிம் மஞ்சக்குட்டையில் நிலம் பார்க்கலாம் என்றார். அங்கே சொன்ன விலையைக் கேட்டுவிட்டு அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பங்குச் சந்தை என்ற யோசனையைக் கொடுத்தவர் விஜயகுமார். நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டின் ரைட்டர் அவர். வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவது, பறித்த காப்பிப் பழத்தை எடை பார்ப்பது, கூலிக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. தாயார் அத்தாயிக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்க மாதா மாதம் கடைக்கு வருவார். பத்து வருடமாகச் சிறுகச் சிறுகப் பங்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தவர்.

ஆசியா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இப்ராஹிம் பங்குச் சந்தையைச் சூதாட்டம் என்றே நினைத்திருந்தார். அதனால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவரையே கேட்டு வரச் சொன்னாள். மார்க்கத்துக்கு ஆகுமான தொழில் நடத்துகிற, வட்டிக் கடன் அதிகம் வாங்காத கம்பெனியாகப் பார்த்து, லாபத்துக்கும் நட்டத்துக்கும் கூட்டாளியாகச் சேர்வதில் தவறில்லை, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது மட்டும் கூடாது என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். ஆசியா அதை மனதில் வைத்துக்கொண்டு, மருந்து, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட பங்குகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். அந்தக் கம்பெனிகளின் பெயர்கள் அவள் தினமும் கையில் எடுக்கும் அட்டைகளிலேயே இருந்தன.

எது சரியான விலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. அதை விஜயகுமாரிடமே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நாகலூர்ல ஒரு எஸ்டேட்டு விலைக்கு வருதுன்னு வெச்சுக்குங்க. செலவெல்லாம் போக வருசத்துக்குப் பத்து லட்சம் நிக்குது. ரெண்டு கோடி சொல்றாங்க. எத்தனை மடங்குங்க?"

"இருவது."

"அவ்வளவுதானுங்க. பங்கு விலையை, ஒரு பங்குக்கு வர்ற லாபத்தால வகுத்தா வர்றது பி.இ. மடங்கு கம்மியா இருந்தா மலிவு. கூட இருந்தா கிராக்கி."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி அவருக்கும் அன்று தோன்றவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம், கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கிய ஜூலை மாதத்தில், ஆசியா ஒரு வாரம் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனை வைத்துக்கொண்டு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். பெரிய மருந்து கம்பெனிகள் முப்பது மடங்கு, நாற்பது மடங்கில் இருந்தன. வைகல் லேப்ஸ் என்ற கம்பெனி மட்டும் பதினோரு மடங்கில் இருந்தது. பங்கு விலை நானூற்று நாற்பது ரூபாய். ஒரு பங்குக்கு லாபம் நாற்பது ரூபாய். கடன் கிட்டத்தட்ட இல்லை. அந்த லாபம் முந்தைய வருடத்தைப் போல நான்கு மடங்கு என்பதையும் பார்த்தாள். வளருகிற கம்பெனி, விலையும் மலிவு என்று எடுத்துக்கொண்டாள். வைகலின் காய்ச்சல் மாத்திரையும் சத்து மாத்திரையும் கடந்த ஒன்றரை வருடமாக அவள் கடையில் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியும். ஒரு அட்டை கேட்டு வந்தவர்கள் ஒரு பெட்டியாக வாங்கிக்கொண்டு போன காலம் அது.

தங்கை அஃப்சானா மலையடிவாரத்தில், குப்பனூரில் இருந்தாள். அவள் கணவர் ரியாஸ் சொந்தமாக ஜீப் வைத்து, குப்பனூர் ரோட்டில் எஸ்டேட்டுகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, சேலத்தில் ஆரணம் ஹாஸ்பிடல்ஸில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அஃப்சானா தன் பங்குப் பணத்தையும் அக்காவையே பார்த்துப் போடச் சொல்லியிருந்தாள். வைகல் பற்றி ஆசியா சொன்னதும் சரி என்றாள். ஆனால் நேரில் வந்தபோது வேறொன்றும் சொன்னாள். ஆரணத்தின் பங்கும் சந்தையில் இருக்கிறதாமே, அதில் கொஞ்சம் போட வேண்டும் என்றாள்.

"அது எழுபத்தஞ்சு மடங்குடி. முந்நூறு ரூவாய்க்கு வாங்கினா வருசத்துக்கு நாலு ரூவா லாபம். போட்ட காசு வர்றதுக்குள்ள நம்ம பேரம்பேத்திகூட இருக்கமாட்டாங்க."

"மடங்கெல்லாம் எனக்குத் தெரியாது. போன மாசம் இவரைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். கீழ கொரோனா வார்டுல எடமில்ல. மேல இருதய வார்டு காத்தாடுது. எல்லாரும் பயந்துக்கிட்டு ஆபரேசனைத் தள்ளிப் போட்டிருக்காங்களாம். தள்ளிப் போட்டா நோவு போயிருமா? நாளைக்கு அத்தனை பேரும் வரத்தானே போறாங்க."

ஆசியாவுக்கு அது பங்கு வாங்குவதற்கு ஒரு காரணமாகவே படவில்லை. ஆனால் பணம் தங்கையுடையது. அஃப்சானாவின் ஒன்பதில் மூன்று லட்சத்தை ஆரணத்திலும் ஆறு லட்சத்தை வைகலிலும் போட்டாள். தன்னுடையதில் ஏழு லட்சத்தை வைகலில் போட்டு, இரண்டு லட்சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டாள். ஆரணம் பக்கமே போகவில்லை.

அந்த வருடக் கடைசியில் அஃப்சானா, கையில் சேர்ந்த கொஞ்சப் பணத்தில் இன்னொரு பங்கும் வாங்கலாமா என்று கேட்டாள். ரத்தம், சளி பரிசோதிக்கும் லேப் கம்பெனி ஒன்று புதிதாகச் சந்தைக்கு வந்தது. கொரோனா பரிசோதனைக்கு அதன் வாசலில் நின்ற வரிசையை அவள் பார்த்திருந்தாள். ஆசியா மடங்கு அதிகம் என்று மறுத்துவிட்டாள். வரிசை கலைந்ததும் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே போனது. அந்த ஒரு விஷயத்தில் அக்கா சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் வரிசை நிற்குமா என்று ஆசியா யோசித்து மறுக்கவில்லை. யோசித்திருந்தால் அதே கேள்வியை வைகலைப் பற்றியும் கேட்டிருப்பாள்.

வைகல் இறங்கத் தொடங்கியது. நானூற்று நாற்பது முந்நூற்றைம்பதாகி, முந்நூறானது. ஆசியா கலங்கவில்லை. லாபம் நாற்பது என்றால் இப்போது ஏழரை மடங்குதானே என்று கணக்குப் போட்டு, கையிருப்பு இரண்டு லட்சத்தையும் அதிலேயே கொண்டுபோய்ப் போட்டாள். அதே மாதத்தில்தான் காலாவதி நெருங்கிய வைகலின் சத்து மாத்திரைப் பெட்டிகளை ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்பினாள். அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியது அவள் கைதான். டெலிவரிப் பையன் ஏற்றிக்கொண்டு போனதும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். மெடிக்கல் நடத்துகிற ஆசியாவும் பங்கு வாங்குகிற ஆசியாவும் அப்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மே மாதம் வருடக் கணக்கு வெளியானது. ஒரு பங்குக்கு லாபம் நாற்பதிலிருந்து பதினைந்தாகியிருந்தது. அடுத்த வருடம் ஐந்தரையானது. விலை இருநூற்றுப் பத்து. ஆசியா வகுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு மடங்கு வந்தது. தவறாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டாள். அதே முப்பத்தெட்டுதான். பாதி விலைக்கு வந்த பங்கு, வாங்கியபோது இருந்ததைவிடக் கிராக்கியாகியிருந்தது.

அடுத்த முறை விஜயகுமார் மாத்திரைக்கு வந்தபோது அதைக் காட்டினாள். அவரும் அவள் சொல்லைக் கேட்டு வைகல் கொஞ்சம் வாங்கியிருந்தார். போனைக் கையில் வாங்கி அவரும் ஒரு முறை வகுத்துப் பார்த்தார்.

"காப்பித் தோட்டத்துக்கு ஒரு வருசக் காய்ப்பை வெச்சு விலை பேசமாட்டோமுங்க. ஒரு வருசம் கிளை முறியக் காய்க்கும், மறு வருசம் ஓய்ஞ்சிரும். நாலஞ்சு வருசத்தைச் சேத்துப் பாத்துத்தான் மதிப்புச் சொல்லுவோம். இது எனக்குத் தெரியாத விசயமில்லீங்க. ஏனோ ஷேர்ல தோணாமப் போச்சு" என்றார்.

வைகலின் அந்த நாற்பது ரூபாய் கொரோனா காய்த்த வருடத்து லாபம். அது திரும்ப வரப்போவதில்லை. அதற்கு முந்தைய வருடங்களின் லாபத்தை எடுத்துச் சராசரி போட்டால் பத்து ரூபாய்கூட வரவில்லை. நானூற்று நாற்பதுக்கு வாங்கியபோதே அவர்கள் கொடுத்தது நாற்பது மடங்குக்கு மேல். இதைக் கண்டுபிடித்த கையோடு ஆரணத்தின் பழைய கணக்கையும் ஆசியா பார்த்தாள். அந்த நான்கு ரூபாய், ஆபரேசன் எல்லாம் தள்ளிப்போன வருடத்து லாபம். கொரோனாவுக்கு முன்னால் அது ஒன்பது ரூபாய். அஃப்சானா கொடுத்த விலை, சாதாரண வருடத்தின் லாபத்துக்கு முப்பத்து மூன்று மடங்குதான். வற்றிய வருடத்தின் லாபத்தால் வகுத்து ஆசியா அதை எழுபத்தைந்து என்று படித்திருக்கிறாள்.

இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். குப்பனூரிலிருந்து போன் வந்தால் குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அஃப்சானாவும் கேட்கவில்லை.

இருபத்து மூன்றாம் வருடம் ஜூலையில், குப்பனூர்ச் செக்போஸ்ட் அருகே ஜீப்பில் உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ரியாஸ் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தவர்களே ஒரு காரில் போட்டுச் சேலத்துக்கு, அதே ஆரணத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஆசியா கடையை இப்ராஹிமிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினாள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் காத்திருக்கும் கூடத்தில் சகோதரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி எதுவும் காலியாக இல்லை. சுவர் ஓரமாகத் தரையில் சிலர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஆசியாவின் போனில் ஒரு செய்தி வந்தது. ஆரணம் ஹாஸ்பிடல்ஸின் காலாண்டு முடிவு அன்றுதான் வெளியாகியிருந்தது. படுக்கைகள் முன்னைவிட அதிகம் நிரம்பியிருக்கின்றன, ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் வரும் வருமானம் பதினான்கு சதவீதம் கூடியிருக்கிறது என்று நிர்வாகம் மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தது. பங்கு அன்று காலையிலேயே ஏறி அறுநூற்று இருபதுக்கு வந்திருந்தது. அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பில் கவுண்டரிலிருந்து ரியாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அரசுக் காப்பீட்டு அட்டையில் ஒரு பகுதி கழிந்தது. மீதி இரண்டரை லட்சம் கட்ட வேண்டியிருந்தது. பில்லில் படுக்கைக் கட்டணம் தனியாக எழுதியிருந்தது. போனில் படித்த பதினான்கு சதவீதமும் இந்தத் தாளில் இருப்பதும் ஒன்றுதான் என்று ஆசியாவுக்குப் புரிந்தது. ஒரு பங்குக்கான லாபம் என்று இத்தனை நாள் அவள் வகுத்துக்கொண்டிருந்தது யாரிடமிருந்து வருகிறது என்று அதுவரை அவள் யோசித்ததில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அஃப்சானா பில்லைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, பங்கில் எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆசியா எல்லாவற்றையும் சொன்னாள். வைகலில் போட்ட ஆறு லட்சம் இப்போது மூன்றுக்கும் கீழே இருப்பதையும், அது ஏன் அப்படியானது என்பதையும், ஆரணத்தில் போட்டது இரண்டு பங்குக்கு மேல் ஆகியிருப்பதையும் சொன்னாள். வைகலில் போன மூன்று லட்சத்தைத் தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவதாகவும் சொன்னாள். எந்தப் பங்கு என்று முடிவு செய்தது தான்தான், அதனால் அது தன் பொறுப்பு என்றாள்.

அஃப்சானா பில்லை இரண்டாக மடித்தாள். பிறகு சொன்னாள்:

"வட்டி வேண்டாம்னுதானே அக்கா பங்குல போட்டோம்? லாபம் வந்தா எனக்கு, நட்டம் வந்தா நீ குடுக்கோணும்னா, அதுக்குப் பேரு வேற என்ன? அந்தக் காசை நான் எப்படி வாங்கறது?"

"நான் சொல்லித்தானே போட்டே."

"நான் குழந்தையா? எங்காசு, நாந்தான் போடச் சொன்னேன். நீயும் அதுலதானே போட்டே. உன்னுது மட்டும் அப்படியே நிக்குதா?"

ஆசியா தன்னுடையதில் நான்கு லட்சத்துக்கு மேல் போய்விட்டதை அப்போதுதான் சொன்னாள். அதைக் கேட்டதும் அஃப்சானாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் இதைச் சொல்லாமலா இருந்தாய் என்று கேட்டாள். பணம் போனதைவிட அதுதான் தனக்கு வருத்தம் என்றாள். ஆசியா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்ததும் அஃப்சானா கேட்டாள், "சரி, இப்ப எதை விக்கறது? உன்னுதா இருந்தா எதை விப்பியோ அதைச் சொல்லு."

"வைகல்."

"எறங்கிக் கெடக்கறதைப் போயா? ஏறினதை வித்துட்டு, அதைக் கொஞ்ச நாள் விட்டு வெச்சா வந்திராதா?"

"நாம வாங்கின விலையைப் பாத்து அது ஏறப்போறதில்ல. இன்னைக்கு அது சம்பாதிக்கறதுக்கு இந்த விலையே அதிகம். ஆரணத்துக்கு லாபமும் சேந்து ஏறியிருக்கு. இன்னைக்குக் கையில காசிருந்தா வைகலை வாங்குவனான்னு கேட்டுப் பாத்தேன். மாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து அஃப்சானாவின் வைகல் பங்குகளை விற்றார்கள். பணம் வங்கிக்கு வந்ததும் பில் கட்டினார்கள். ரியாஸ் வீடு திரும்பினார். அதே வாரத்தில் ஆசியா தன்னுடையதையும் விற்றுவிட்டு, சாப்பிடும்போது இப்ராஹிமிடம் விஷயத்தைச் சொன்னாள். கடைக்குச் சரக்கு எடுக்கப் பணம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றாள். சரி என்றார். பத்து நாள் கழித்து, மஞ்சக்குட்டையில் அன்று பார்த்த நிலம் இன்று இரட்டிப்பு விலையாம் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு சொல்லவில்லை.

விஜயகுமார் விற்கவில்லை. இவ்வளவு இறங்கியது இன்னும் எங்கே இறங்கப்போகிறது என்றார். அது நூற்றைம்பது வரை இறங்கியது. பிறகு ஏதோ வெளிநாட்டு ஆர்டர் கிடைத்து இருநூற்று அறுபதுக்கு ஏறியது. அவர் அதைச் சொன்னபோது ஆசியா நல்லது என்றாள். அவளுக்குப் பொறாமையும் இல்லை, அவர் சொன்னது சரி என்றும் தோன்றவில்லை.

மிச்சமிருந்த நாலு லட்சத்துச் சொச்சத்தை ஆசியா ஒரு வருடம் சும்மா வைத்திருந்தாள். பிறகு நான்கு மருந்து கம்பெனிகளில் பிரித்துப் போட்டாள். இப்போது அவள் ஒரு வருட லாபத்தால் வகுப்பதில்லை. நல்லதும் கெட்டதுமாக ஆறேழு வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறாள். தொழிற்சாலை நிலத்தை விற்று வந்த பணம் லாபத்தோடு கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிறாள். அந்தக் கம்பெனி முன்பெல்லாம் எத்தனை மடங்கில் விலை போனது என்று பார்க்கிறாள். ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியோடும் மருந்து கம்பெனியை மருந்து கம்பெனியோடும்தான் ஒப்பிடுகிறாள். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு முறை தவறியிருக்கிறாள். அதில் ஒன்று, வெளிநாட்டு அதிகாரிகள் வந்து தொழிற்சாலையில் குறை கண்டுபிடித்துவிட்டுப் போன கம்பெனி. எந்தச் சராசரியிலும் தென்படாத விஷயம் அது. அந்த நான்கு கம்பெனிகளின் மாத்திரைகளும் அவள் கடையில் இருக்கின்றன. எது போகிறது, எது தேங்குகிறது என்று பார்க்கிறாள்தான். ஆனால் ஏற்காட்டில் ஒரு கடையில் தேங்கினால் நாடு முழுவதும் தேங்கியதாகாது என்று இப்ராஹிம் சொன்னதையும் ஏற்றுக்கொண்டாள்.

ரியாஸால் அதன் பிறகு பாரம் ஏற்ற முடியவில்லை. ஜீப்பை விற்றுவிட்டு, குப்பனூரில் ரோட்டோரம் ஒரு மெஸ் போட்டார்கள். அந்த வழியாக மேலே ஏறும் வண்டிகள் நின்று சாப்பிட்டுப் போகின்றன. அடுப்படி அஃப்சானாவுடையது, பில் போடுவது ரியாஸ். முதல் வருடம் கைக்கும் வாய்க்குமாக இருந்தது. இரண்டாம் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார இடமில்லாமல் போனது.

போன வருடம் ஆரணம் தொள்ளாயிரத்தைத் தொட்டது. ஒரு பங்குக்கு லாபம் இருபது. அதாவது நாற்பத்தைந்து மடங்கு. விலை மூன்று பங்காகியும் மடங்கு முன்னைவிடக் குறைந்திருந்தது. அஃப்சானா போன் செய்து, இன்னும் வாங்கலாமா, இருப்பதை விற்கலாமா என்று கேட்டாள். ஆசியா இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். புதிதாக எத்தனை படுக்கை கட்டுகிறார்கள், அவை நிரம்ப எத்தனை காலம் ஆகும், மற்ற ஆஸ்பத்திரிகள் எந்த மடங்கில் இருக்கின்றன என்று பார்த்தாள். பிறகு அழைத்துச் சொன்னாள்.

"இன்னைக்கு இருக்கற விலை சரியான விலைதான். மலிவும் இல்ல, கிராக்கியும் இல்ல. வர்ற நாலஞ்சு வருச வளர்ச்சியை இப்பவே விலையில சேத்துப் போட்டாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்."

"இதைச் சொல்லவா ரெண்டு நாளு?" என்றாள் அஃப்சானா. சிரித்தாளா, சலித்துக்கொண்டாளா என்று ஆசியாவுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தப் பங்கு எண்ணூற்றைம்பதுக்கும் தொள்ளாயிரத்தைம்பதுக்கும் நடுவிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இதை யாரும் ஒரு வெற்றியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆசியாவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் மே மாதத்தில் அஃப்சானா தன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை விற்றாள். அக்காவிடம் கேட்கவில்லை, விற்ற பிறகு சொன்னாள். மெஸ்ஸுக்குக் கூரை ஓலையாகவே இருந்தது. ஷீட் போட்டு, பின்பக்கம் கைகழுவுமிடமும் கட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்னும் ஏறியிருக்குமோ என்று ரியாஸ் கேட்டாராம். ஏறினால் ஏறட்டும், மழைக்கு முன்னால் கூரை வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆசியாவும் இப்ராஹிமும் கடையைச் சாத்திவிட்டுக் குப்பனூருக்கு இறங்கினார்கள். புது ஷீட்டின் மேல் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அஃப்சானா எல்லோருக்கும் பிரியாணி பரிமாறிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.